29 பெரிதா, 24 பெரிதா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு, "அகலத்திரை மானிட்டர் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதன்பிறகு வந்திருக்கும் கடிதக்கட்டைப் பார்த்தால் வருத்தப்பட வேண்டியவன் நான்தான் என்று தெரிகிறது. ஒருவர் என் பேச்சை நம்பி வாங்கியே விட்டார். அதனால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் மானிட்டருக்கே. மற்றவர்கள் ஓர் இதழ் பொறுத்தருள வேண்டும்.

கே: ஐயா, உங்கள் பதிலைப் படித்த கையோடு என்னுடைய 24 அங்குல மானிட்டரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, 29 அங்குல அகலத்திரை வாங்கினேன். 5 அங்குலம் கூடுதல் ஆயிற்றே என்று ஆசையாகப் பெட்டியைப் பிரித்தால், யூடியூப் படம் முன்பைவிடச் சிறியதாகத் தெரிகிறது. கோளாறு என் கண்ணிலா, மானிட்டரிலா?
*(ஒரு கல்லூரி மாணவர்)*

ப: இரண்டிலும் இல்லை தம்பி, என் பதிலில். எத்தனை அங்குலம் என்பதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. இரண்டு திரைகளின் வடிவமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்த எண்ணை ஒப்பிடலாம். உங்கள் பழைய 24 அங்குலம் 16:9 வடிவம் (அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு): அகலம் 53 செ.மீ., உயரம் 30 செ.மீ. புதிய 29 அங்குலம் 21:9 வடிவம்: அகலம் 68 செ.மீ., உயரம் 28.6 செ.மீ. பக்கவாட்டில் 15 செ.மீ. கூடியிருக்கிறது, உயரத்தில் ஒரு செ.மீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது. யூடியூபில் பெரும்பாலான காணொளிகள் 16:9. உயரம் 28.6 செ.மீ. என்றால் அந்தப் படம் 51 செ.மீ. அகலத்துக்கு மேல் விரிய முடியாது. அதாவது நீங்கள் இப்போது பார்ப்பது 23 அங்குலப் படம், இருபுறமும் கருப்பு. உங்கள் தம்பி பார்ப்பது 24.

இதே மானிட்டரில் சினிமாஸ்கோப் வடிவத்தில் எடுத்த படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது தம்பியின் திரையில் 53 செ.மீ. அகலத்துக்கு 22 செ.மீ. உயரம்தான் வரும். உங்கள் திரையிலோ மூலை முடுக்கு வரை நிறையும். பரப்பில் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே திருப்பி வாங்கிக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. படத்தொகுப்புதான் என் பிழைப்பு. நீளவாக்கில் காட்சித் துண்டுகளை அடுக்கி வேலை செய்பவனுக்கு அகலம் வேண்டும் என்று முதன்முதலில் ஒன்று வாங்கியபோது, தையல் டேப்பை எடுத்து உயரத்தை அளந்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம். மானிட்டர் வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாளை அந்தத் திரையின் அகலம், உயரத்துக்கு வெட்டி ஒட்டி, மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டிவிடுவேன். இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வேன். கழுத்து எவ்வளவு திரும்புகிறது, ஸ்பீக்கரை எங்கே தள்ள வேண்டியிருக்கும், மேசைக்கு வெளியே எவ்வளவு நீட்டும் என்பதெல்லாம் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

உயரத்தைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 29 அங்குல அகலத்திரை என்பது 23 அங்குலச் சாதாரணத் திரையை இழுத்து நீட்டியது. 34 என்பது 27ஐ நீட்டியது; இரண்டுக்கும் உயரம் ஏறத்தாழ 33.5 செ.மீ. 32:9 வடிவத்தில் வரும் 49 அங்குலம் இரண்டு 27 அங்குலத் திரைகளை நடுச்சட்டம் இல்லாமல் ஒட்டியது போல. அகலம் கிட்டத்தட்ட 120 செ.மீ. அதற்கு மேசையை மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

கே: 16:9, 21:9 என்கிறார்களே, இந்த விசித்திரமான கணக்கையெல்லாம் யார் போட்டது?
*(ஒரு கணித ஆசிரியை)*

ப: நீங்கள் கணித ஆசிரியை என்பதால் உற்சாகமாகச் சொல்கிறேன். பழைய தொலைக்காட்சி 4:3. அந்த விகிதத்தை அதனாலேயே பெருக்கினால் 16:9. இன்னொரு முறை பெருக்கினால் 64:27. 2560 x 1080 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட திரையின் உண்மையான விகிதம் அந்த 64:27தான். 21:9 என்பது வாயில் நுழைவதற்காக வைத்த செல்லப்பெயர். 3440 x 1440 திரையோ 43:18. அதையும் 21:9 என்றே விற்கிறார்கள்.

16:9க்கு வேறொரு பிறப்புக் கதையும் உண்டு. 1953இல் சினிமாஸ்கோப் வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியிடம் பறிகொடுத்த கூட்டத்தைத் திரையரங்குக்கு இழுக்கச் சினிமா தன்னை அகலப்படுத்திக்கொண்டது. 1980களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு ஒரு வடிவம் தேடியபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அப்போது புழக்கத்தில் இருந்த எல்லாத் திரை வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி நடுவை ஒன்றாக்கி அடுக்கினார். அவை அனைத்தும் அடங்கும் வெளிச்செவ்வகமும், அனைத்துக்கும் பொதுவான உட்செவ்வகமும் ஏறக்குறைய 1.78 விகிதத்தில் வந்தன. அதுதான் 16:9. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கருப்புப் பட்டை, யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. நல்ல பஞ்சாயத்து.

கே: 34 அங்குல அகலத்திரை வைத்திருக்கிறேன். படத்துக்குக் கருப்புப் பட்டையே வராது என்றார்கள். எனக்கு நான்கு பக்கமும் வருகிறது! படம் நடுவில் தபால்தலை ஒட்டியது போல இருக்கிறது.
*(ஏமாந்ததாக நினைக்கும் வாசகர்)*

ப: அந்தக் கருப்புப் பட்டை உங்கள் மானிட்டர் போட்டது அல்ல, படத்தோடு சேர்ந்தே வருவது. ப்ளூரே தட்டிலும் பல இணையப் படங்களிலும், அகலப் படத்தை 16:9 சட்டத்துக்குள் வைத்து மேலும் கீழும் கருப்பையும் படமாகவே பதிந்துவிடுகிறார்கள். உங்கள் மானிட்டர் அந்தச் சட்டத்தை மரியாதையாக நடுவில் வைக்கிறது. 3440 x 1440 திரையில் சட்டம் 2560 x 1440. இரு பக்கமும் 440 பிக்சல் கருப்பு. அந்தச் சட்டத்துக்குள் உண்மையான படம் 1071 பிக்சல் உயரம்தான். ஆக மேலும் கீழும் கருப்பு.

கணினியில் வைத்திருக்கும் கோப்பு என்றால் விஎல்சி பிளேயரில் ஆங்கில 'சி' விசையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டும் அளவுகள் ஒவ்வொன்றாக மாறும், 2.39:1 வந்ததும் படம் திரையை நிறைக்கும். உலாவியில் பார்ப்பதானால் இதற்கென்றே சிறு நீட்சிகள் இருக்கின்றன. ஓர் எச்சரிக்கை: வசன வரிகளைக் கீழே இருக்கும் கருப்புப் பட்டைக்குள் போடும் படங்கள் உண்டு. வெட்டினால் வசனமும் வெட்டுப்படும். வேற்றுமொழிப் படத்தை அப்படி ஒருமுறை பாதிவரை பார்த்துவிட்டு, இயக்குநர் வேண்டுமென்றே மௌனமாக விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

கே: அண்ணா, 27 அங்குலத்தில் 2560 x 1440, 34 அங்குலத்தில் 3440 x 1440, 32 அங்குலத்தில் 4கே. மூன்றில் ஒன்று. விளையாட்டுதான் முக்கியம், இரவில் படமும் பார்ப்பேன். கிராஃபிக்ஸ் கார்டு நடுத்தரம்.
*(இரவு இரண்டு மணிக்குக் கடிதம் எழுதியவர்)*

ப: கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். மானிட்டரை ஒருமுறை வாங்குகிறோம். அதற்குத் தீனி போடுவது கிராஃபிக்ஸ் கார்டு, ஒவ்வொரு நொடியும். 1920 x 1080 திரையில் 20.7 இலட்சம் பிக்சல்கள். 2560 x 1440இல் 36.9 இலட்சம். 3440 x 1440இல் 49.5 இலட்சம். 4கேயில் (3840 x 2160) 82.9 இலட்சம். 27இலிருந்து 34க்குப் போனால் வேலை மூன்றில் ஒரு பங்கு கூடும். 4கேக்குப் போனால் இரண்டேகால் மடங்கு. நடுத்தரக் கார்டு அங்கே மூச்சு வாங்கும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் கொடுக்கின்றன, உண்மை. ஆனால் ஊன்றுகோலை நம்பி மலையேறத் திட்டமிட வேண்டாம். 4கேயைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறேன்.

மீதி இரண்டில், நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார் ஓட்டுவது, விமானம் ஓட்டுவது, காடு மலை என்று அலைந்து திரிவது என்றால் 34. காரின் பக்கவாட்டுக் கண்ணாடி திரைக்குள் வந்துவிடுகிறது. வளைவில் திரும்பும்போது உள்முனை கண்ணுக்குத் தெரிகிறது. நன்றாக எழுதப்பட்ட விளையாட்டில் 21:9 திரை, மேலும் கீழும் எதையும் வெட்டாமல், பக்கங்களில் கூடுதல் உலகத்தைக் காட்டும். 16:9இலிருந்து மாறியவர்கள் திரும்பிப் போக மறுப்பது இதற்காகத்தான்.

குறைகளையும் கேளுங்கள். ஓரங்களில் வரும் மனிதர்களும் மரங்களும் இழுபட்ட மாதிரி அகலமாகத் தெரிவார்கள். தட்டையான திரையில் அகன்ற பார்வைக்கோணத்தைப் பரப்புவதன் விலை அது. கதைக் காட்சிகள் வரும்போது பல விளையாட்டுகள் 16:9க்குச் சுருங்கிவிடும். சில விளையாட்டுகள் அகலத்திரையை ஏற்றுக்கொள்வதே இல்லை. 2022இல் வந்த எல்டன் ரிங் இருபுறமும் கருப்புப் பட்டை போட்டுவிட்டு, நொடிக்கு 60 ஃபிரேமுக்கு (தனிப்படத்துக்கு) மேல் தரவும் மறுத்தது. அத்தனை பெரிய விளையாட்டிலேயே இந்தக் கதி. நீங்கள் ஆடும் நான்கைந்து விளையாட்டுகளின் பெயரோடு 21:9 என்று சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, அனுபவித்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடியது. உயிர் எவ்வளவு மீதி என்பது இடது மூலையில், வரைபடம் வலது மூலையில், இடையில் 80 செ.மீ. வரைபடத்தைப் பார்க்க நான் தலையைத் திருப்பிய நேரத்தில் எத்தனை முறை செத்திருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. இவற்றை நடுவுக்கு இழுத்துவைக்கும் வசதி சில விளையாட்டுகளின் அமைப்புகளில் இருக்கிறது. இருந்தால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். நீங்கள் சுடும் விளையாட்டைப் போட்டியாக ஆடுகிறவர் என்றால் பேச்சே வேண்டாம், 27. அதிலும் பலர் 24 போதும் என்பார்கள். முழுத்திரையும் ஒரே பார்வையில் அடங்க வேண்டும்.

ஒரு கண்ணி: 34 அங்குலத்திலேயே 2560 x 1080 என்று இன்னொரு வகை விற்கிறது. மலிவாக இருக்கும். ஏன் என்று அடுத்த கேள்வியில்.

கே: 27 அங்குலம், 1920 x 1080 திரை. எழுத்துகள் மணல்மணலாகத் தெரிகின்றன. மகன், "உங்கள் கண்ணாடியை மாற்றுங்கள் அப்பா" என்கிறான். மானிட்டரை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.
*(ஓய்வுபெற்ற ஆசிரியர்)*

ப: உங்கள் கட்சிதான் வெல்கிறது ஐயா. மணல் தெரிகிறது என்றால் கண் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அந்தத் திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.31 மி.மீ. இயல்பான பார்வை உள்ளவர் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கைப் பிரித்தறிவார். மேசையில் உட்காரும் 70 செ.மீ. தூரத்தில் அது 0.2 மி.மீ. 0.31 கண்ணில் உறுத்தத்தான் செய்யும். அதே 1920 x 1080 எண்ணிக்கை 24 அங்குலத்தில் இருந்தால் 0.28, சகித்துக்கொள்ளலாம். 27இல் 2560 x 1440 என்றால் 0.23, பெரும்பாலோருக்குப் போதும். சற்றுமுன் சொன்ன 34 அங்குல, 2560 x 1080 திரையிலும் பிக்சல் இதே 0.31தான். உங்கள் மணல், இன்னும் அகலமான படுகையில்.

27இல் 4கே வாங்கினால் பிக்சல் 0.16 மி.மீ. அச்சுப்போல இருக்கும், ஆனால் எழுத்து எறும்பாகிவிடும். விண்டோஸில் அளவை 150 விழுக்காடு என்று மாற்றிக்கொள்ள வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் அதைவிடச் சுகம் இல்லை. விளையாட்டுக்கு அல்ல என்பதால் உங்கள் மகன் சம்மதிக்க மாட்டார்.

கே: பிளேஸ்டேஷன் 5க்கு அகலத்திரை எப்படி?

ப: வேண்டாம். அது 16:9 படத்தை மட்டுமே வெளியிடும், எக்ஸ்பாக்ஸும் அப்படியே. மீதி இடம் கருப்பாகவே கிடக்கும். 16:9இல், ஹெச்டிஎம்ஐ 2.1 கேபிள் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2560 x 1440 அளவை பிளேஸ்டேஷன் 5 ஏற்கத் தொடங்கியது 2022இல்தான் என்பதால் அதற்கு முந்தைய பழைய அறிவுரைகளை நம்ப வேண்டாம்.

கே: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. 60க்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதெல்லாம் விளம்பரக்காரர்கள் கட்டிய கதைதானே?
*(சந்தேகப் பேர்வழி என்று தம்மையே குறிப்பிட்டுக்கொண்டவர்)*

ப: கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் திரை, அதற்குள் மேம்பட்ட திரை, அங்கே புதுப்பிப்பு வீதம் என்ற இடத்துக்குப் போங்கள். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் இந்த ஹெர்ட்ஸ். 60 என்று இருக்கும். பந்தயம் கட்டத் தயார்.

மானிட்டரைச் செருகியதும் கணினி பல நேரங்களில் 60இலேயே நின்றுவிடுகிறது. யாரும் சொல்வதில்லை. என் அத்தை மகன் ஒருவன் ஓராண்டுக்கு மேல் அப்படியே ஆடிக்கொண்டிருந்தான். நான் போய் மாற்றிக் கொடுத்ததும் மௌஸை வட்டமாகச் சுழற்றிப் பார்த்தான், மறுபடி சுழற்றினான், பிறகு என்மேல் கோபப்பட்டான், முன்பே வரவில்லை என்று. நீங்களும் மௌஸைச் சுழற்றித்தான் பார்க்க வேண்டும். 60இல் அம்புக்குறி இடைவெளி விட்டுத் தாவித் தாவிப் போகும். 144இல் அந்த இடைவெளிகள் நெருங்கி ஒரே கோடாகத் தெரியும்.

பட்டியலில் 144 என்பதே இல்லை என்றால் குற்றவாளி கேபிள், அல்லது அதைச் செருகிய துளை. இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் என்றால் நிச்சயம் அதுதான். 3440 x 1440 திரை ஹெச்டிஎம்ஐ 2.0 வழியாக ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வழியாக 144 தாராளமாக வரும். பெட்டிக்குள்ளேயே வரும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பலர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் பாருங்கள்: கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா? சிரிக்காதீர்கள். நடக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்து, வேறுபாடு தெரியவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி நிற்கும், 144இல் 6.9. ஏறத்தாழ 10 மில்லிவிநாடி மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது 2.8 மட்டும். 240 வாங்கச் சொல்லி நண்பர்கள் தூண்டும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: படம் பார்ப்பதற்கும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

ப: உண்டு, இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 60ஐ 24ஆல் வகுத்தால் மீதி வருகிறது. அதனால் ஒரு ஃபிரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில், ஒரு தெருவோ மலைத்தொடரோ கடந்து போகும்போது, சின்னச் சின்ன விக்கலாக அது தெரியும். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐந்து முறை, 144இல் ஆறு முறை. விக்கல் போய்விடும். ஆனால் யூடியூப் காணொளிகளில் பெரும்பகுதி 30 அல்லது 60 ஃபிரேம். அவற்றால் 144 மீதியின்றி வகுபடாது, 120 வகுபடும். 144 மானிட்டர் வைத்திருந்தாலும் படம் பார்க்கும்போது 120க்கு இறக்கிவிடுவது என் வழக்கம். 24, 30, 60 மூன்றும் அதற்குள் அடங்கும்.

கே: ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி. தலை சுற்றுகிறது.
*(ஒரு வங்கி ஊழியர்)*

ப: மூன்றும் திரை செய்யும் நுட்பங்களின் பெயர். அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பேசுவோம், அப்போதுதான் புரியும்.

இருட்டறையில் முழுக்கக் கருப்பான ஒரு படத்தைத் திரையில் போடுங்கள். ஐபிஎஸ் என்றால் கருப்பு வராது. சாம்பல் வரும், மூலைகளில் லேசான வெளிச்சம் கசியும், தலையை நகர்த்தினால் அந்த வெளிச்சமும் நகரும். வெள்ளைக்கும் கருப்புக்குமான விகிதம் அதில் சுமார் 1000:1. விஏ என்றால் 3000:1 அளவில். கருப்பு அடர்த்தியாக இருக்கும், படம் பார்க்கச் சுகம். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே அணைந்துவிடும். மானிட்டர் எங்கே இருக்கிறது என்று கையால் தடவ வேண்டும்.

அப்படியானால் ஏன் எல்லாரும் விஏ வாங்குவதில்லை? குகைக்குள் ஓடும் விளையாட்டைப் போட்டுப் பாருங்கள். இருண்ட நிறத்திலிருந்து சற்றே குறைந்த இருளுக்கு மாற விஏ பிக்சல்களுக்குச் சோம்பல். கேமராவைத் திருப்பினால் தூண்களின் ஓரத்தில் ஈர மையை விரலால் இழுத்தது போலக் கருப்புத் தீற்றல் ஓடும். பகல்வெளிச்சக் காட்சியில் இது தெரியவே தெரியாது. கடையில் மாதிரிக்கு ஓடவிடும் படத்தில் பூவும் பறவையுமாக இருப்பதன் இரகசியத்தில் இதுவும் ஒன்று. விலை உயர்ந்த விஏ திரைகளில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது, மலிவானவற்றில் இருக்கிறது.

ஓஎல்இடிக்கு வேறு கவலை. அசையாமல் மணிக்கணக்கில் நிற்கும் உருவம் நாளடைவில் தழும்பாகப் பதியலாம்: விண்டோஸின் கீழ்ப்பட்டை, செய்திச் சேனலின் சின்னம், ஒரே விளையாட்டின் வரைபடம். பகலெல்லாம் கணக்குத் தாளைத் திறந்துவைத்து வேலை பார்ப்பவருக்கு அது ஏற்றதல்ல. சில வகைகளில் எழுத்தின் ஓரங்களில் மெல்லிய நிறக்கோடும் தெரியும். மாலையில் மட்டும் ஆடவும் படம் பார்க்கவும் என்றால் அதற்கு நிகர் எதுவும் இல்லை, அது வேறு விஷயம்.

நீங்கள் வங்கி வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐபிஎஸ் வாங்குங்கள். இரவில் படம் பார்க்கும்போது மானிட்டருக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கைச் சுவரைப் பார்க்க வைத்துவிடுங்கள். சாம்பல் கருப்பாகிவிடும், கண்ணை ஏமாற்ற அவ்வளவு போதும்.

கே: பெட்டியில் "1 மில்லிவிநாடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, உண்மையா?

ப: ஏதோ ஒரு ஆய்வுமேசையில், ஏதோ ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும்போது, பிக்சலை அதிகபட்சமாக விரட்டும் அமைப்பில், உண்மை. அந்த அமைப்பை வீட்டில் போட்டால் ஓடும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய பேய் ஒன்றும் ஓடும். நடுத்தர அமைப்பில் விட்டுவிடுங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எம்பிஆர்டி என்ற பொடி எழுத்து இருந்தால், பின்விளக்கை விட்டுவிட்டு அணைத்து எடுத்த அளவு அது; திரையின் வெளிச்சம் குறையும்.

கே: ஹெச்டிஆர் 400 என்ற முத்திரை இருக்கிறது. படம் அசத்துமா?

ப: ஹெச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் நுட்பம். ஆனால் அந்த முத்திரைக்கு 400 நிட் உச்ச வெளிச்சம் போதும், திரையின் ஒரு பகுதியை மட்டும் மங்கலாக்கும் வசதி கட்டாயமில்லை. சூரியனைப் பிரகாசமாக்கினால் நிழலும் கூடவே வெளுக்கும். சாதாரணத் திரைக்குக் கட்டிய மாலை. ஓஎல்இடி திரைகளுக்குத் தரும் ட்ரூ பிளாக் 400 வேறு. எண் ஒன்றானாலும் அங்கே நிழல் நிழலாகவே நிற்கும்.

கே: என்னுடையது என்விடியா கார்டு. பிடித்த மானிட்டரில் ஃப்ரீசிங்க் என்றுதான் போட்டிருக்கிறது. ஜிசிங்க் இல்லை. விட்டுவிடவா?

ப: விட வேண்டாம். 2019 ஜனவரியிலிருந்து என்விடியா அத்தகைய மானிட்டர்களையும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஏற்றுக்கொள்கிறது. கார்டு ஃபிரேமைத் தரும்போது திரை அதற்காகக் காத்திருந்து மாறுவதுதான் இரண்டின் சாரமும். படம் நடுவில் கிழிந்து தெரியாது. மானிட்டரின் மெனுவிலும் ஒருமுறை, என்விடியாவின் பலகத்திலும் ஒருமுறை இயக்கிவிட வேண்டும்.

கே: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. வளைந்த மானிட்டர் இருந்தால்தான் படிப்பில் கவனம் சிதறாது என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
*(ஒரு தாய்)*

ப: அம்மா, பையன் கெட்டிக்காரன். நன்றாக வருவான்.

வளைவுக்கு ஒரு பயன் உண்டு, படிப்போடு தொடர்பில்லாதது. 1800ஆர் என்றால் அந்தத் திரையை நீட்டிக்கொண்டே போனால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டம் கிடைக்கும். 1000ஆர் என்றால் ஒரு மீட்டர். எண் குறையக் குறைய வளைவு கூடும். 34 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான திரையில் ஓரங்கள் கண்ணிலிருந்து தள்ளிப்போகின்றன. வளைத்தால் அவை நம் பக்கம் திரும்பும். 24, 27 அங்குலத்தில் அதற்கு வேலையே இல்லை, அழகுக்குத்தான். நான் தொழிலுக்கு வளைந்ததை வைத்துக்கொள்வதில்லை. கட்டடத்தின் நேர்க்கோடு உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா, திரை வளைந்ததால் அப்படித் தெரிகிறதா என்ற குழப்பம் வேண்டாம் என்று.

பையனிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும்? கண்ணிமைக்காமல் 165 என்று சொன்னால், தேர்வு முடியட்டும்.

கே: மானிட்டர் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ப: பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் முதல்.

பிறகு கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கு ஒரே நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டு, அணைந்த புள்ளியோ அணையாத புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கே. எனக்கு வந்த ஒன்றில் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் நின்றது. வேலை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டு, திருப்பித்தரும் நாள் கடந்த பிறகு போனால், "ஒரு புள்ளி இருப்பது விதிக்கு உட்பட்டதுதான்" என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். அந்தத் திரையில் எந்த இரவுக் காட்சியைத் தொகுத்தாலும் வானத்தில் ஒரு பச்சை நட்சத்திரம். இரண்டு வருடம் அதோடு குடித்தனம் நடத்தினேன்.

தாங்கியையும் பாருங்கள். மேலே கீழே ஏறி இறங்காமல் வெறுமனே சாய மட்டும் செய்தால், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரப் புத்தகம் அடுக்க வேண்டியிருக்கும். பின்புறம் 100 மி.மீ. சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் பிறகு தனியாகத் தாங்கி ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சில மலிவு மாதிரிகளில் அவை இருப்பதில்லை.

கே: இத்தனை எழுதியும் எனக்குக் குழப்பம்தான் கூடும் என்று முன்கூட்டியே தெரிகிறது. எதை வாங்குவது என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்?
*(அவசரக்கார வாசகர்)*

ப: சென்ற இதழில் ஒரே வரியில் சொன்னேனே, முதல் கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.